கடலுக்குள் நின்ற கிணறு

திருவொற்றியூர்க் கடற்கரைக்குப் போனால் பார்க்க என்ன இருக்கிறது என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். இப்போது பெரும்பாலும் அலையைத் தடுக்கக் கொட்டிய கருங்கல் இருக்கிறது. கல் கொட்டுவதற்கு முன் இருந்ததை நான் ஏழு முறை போய்ப் பார்த்தேன். ஐம்பதுகளின் நடுப்பகுதி, ஆடி முதல் தை வரை, மாதம் ஒரு சனிக்கிழமை. புவியியல் முதுகலைக்கு ஆய்வேடு எழுத வேண்டியிருந்தது. இயற்கையை ரசிக்கும் நோக்கம் எனக்கு அன்றும் இல்லை.

பாரிமுனையில் காலை ஏழேகாலுக்குப் பேருந்து. ஆறு மைல், முக்கால் மணி நேரம், மூன்றணா. இராயபுரம் வரை மீன் வாடை, தண்டையார்பேட்டையில் மண்ணெண்ணெய் வாடை. முதல் நாள் என் கையில் இரண்டடி நீளத் தேக்கு முளைக்குச்சி இருந்தது.

"இன்னாம்மா, கோலாட்டத்துக்கா போறே?" என்றார் நடத்துநர். "இன்னொரு குச்சி எங்கே?"

ஆய்வுக்கு என்றேன். அத்துடன் அவருக்கு அக்கறை போய்விட்டது.

துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நீள்வதால், தெற்கிலிருந்து வடக்கே போக வேண்டிய மணல் வழியிலேயே தங்கிவிடுகிறது. தெற்கே கரை அகல்கிறது. வடக்கே கடல் கரையைத் தின்கிறது. மெரினாவில் காற்று வாங்கப் போகிறவர்கள் காலில் ஒட்டுவது வடசென்னைக்குச் சேர வேண்டிய மணல். இது எல்லாரும் அறிந்த செய்தி. எவ்வளவு தின்கிறது என்பதுதான் என் கேள்வி.

குப்பத்தின் முன்வரிசையில் ஏழு குடிசைகள். அவற்றில் ஒன்று மீன் விற்கும் சவரியம்மாவினுடையது. அவர் வாசலுக்கு நேரே குச்சியை அடித்து, அலை ஏறும் கோடு வரை நாடாவால் அளந்தேன். அறுபத்திரண்டு அடி. வெயிலுக்கு அவர் ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தார்; நல்ல தண்ணீர். எங்கிருந்து எடுத்தார் என்று நான் கேட்கவில்லை. ஆராய்ச்சி மாணவிக்கு அழகு கேள்வி கேட்பது என்று பின்னாளில் பலருக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

ஆவணியில் அறுபத்தொன்று. புரட்டாசியில் அறுபத்திரண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் ஓரடிக்கு மேல் மாற்றமில்லை. மார்கழியில், அலைகளுக்கு நடுவே ஆளுயரத்தில் ஒரு செங்கல் உருளை கோபுரம்போல் நிற்பதைக் கண்டேன். அழகிய காட்சி என்று குறிப்பேட்டில் எழுதி, படமும் எடுத்துக்கொண்டேன்.

அந்த ஏழு குடும்பங்களும் சாலைக்கு மேற்கே புறம்போக்கில் இடம் கேட்டு மனு கொடுத்திருந்தன. விசாரித்த அதிகாரி, கல்லூரிப் பெண் ஒருத்தி அளக்கிறாள் என்று கேள்விப்பட்டு என் அட்டவணையை வாங்கிப்போனார். 'அரிப்பு குறிப்பிடத்தக்கதன்று' என்று அதன் அடியில் எழுதிக் கையொப்பமும் இட்டிருந்தேன். தை மாதச் சனிக்கிழமை பதினொரு மணிக்கு அவர் வந்து முடிவு சொல்வதாக ஏற்பாடு.

அன்று எட்டு மணிக்கே போய் அளந்தேன். அறுபத்திரண்டு. "கடல் அசையவே இல்லையே, எதுக்கு இடம் கேக்கறீங்க?" என்றேன் சவரியம்மாவிடம்.

"அசையலியா? இன்னா கண்ணு பேசறே? நாலுவாட்டி வூட்டைப் பிரிச்சு பின்னால கட்டிக்கீறோம்."

"குச்சி அதே தூரத்துலதானே இருக்கு?"

"இல்லாம? நாந்தானே புடுங்கிப் புடுங்கி நட்டுகினு வர்றேன். அலை இஸ்துகினு பூட்டா காலேஜ்ல உன்னைத் திட்டமாட்டாங்க? நீ வெச்ச தூரம் பெசகக்கூடாதுன்னு அலையிலருந்து காலால அளந்து நடுவேன்."

பிசகவில்லை, அதை நான் சான்றளிக்க முடியும். மூங்கிலும் ஓலையுமான குடிசையை ஒரு காலைப்பொழுதில் பிரித்துக் கட்டிவிடுவார்கள். ஏழும் வரிசையாகப் பின்வாங்கின. என் குச்சியும் உடன் போயிற்று. ஏழு முறை வந்த எனக்கு எதுவும் கண்ணில் படவில்லை.

"அதோ நிக்குதே," என்று அலைகளைக் காட்டினார். "மொத நாளு நீ குடிச்சியே தண்ணி, அதுலருந்து மொண்டதுதான். அப்போ வூட்டுக்குப் பின்னால இருந்துச்சி."

என் அழகிய காட்சி ஒரு கிணறு. சுற்றியிருந்த மணலைக் கடல் எடுத்துக்கொண்டபின் அதன் செங்கல் உறை மட்டும் நின்றது.

பதினொரு மணிக்கு அதிகாரி வந்தார். அட்டவணை தவறு என்றேன். "உங்கள் கையெழுத்துதானே?" என்றார். என் கையெழுத்துதான், குச்சி நகர்ந்திருக்கிறது என்றேன்.

சவரியம்மா அதிகாரியிடம் திரும்பினார். "சர்க்கார் குச்சின்னு தெரியாது நைனா. தப்பா?"

"குச்சி என்னுடையது, தவறும் என்னுடையது" என்றேன். அவ்வளவு சுருக்கமாக நான் அதற்குமுன் எதையும் ஒப்புக்கொண்டதில்லை.

கிணற்றிலிருந்து அளக்கலாம் என்றேன். சவரியம்மா புடவையைச் சொருகிக்கொண்டு, நாடாவின் நுனியுடன் இடுப்பளவு நீரில் இறங்கினார். நூறடி நாடா போதவில்லை. வலைக்கயிற்றை முடிந்து நீட்டினோம். வாசலிலிருந்து நூற்றெட்டு அடி. சவரியம்மாவின் கணக்குப்படி, முன்பு வாசலிலிருந்து பின்பக்கம் பன்னிரண்டடியில் இருந்த கிணறு அது. ஆக, ஆறு மாதத்தில் நூற்றிருபது அடி.

"இது தரையில் இருந்தது என்பதற்கு என்ன ஆதாரம்?" என்றார் அதிகாரி.

நீரில் நின்றபடியே சவரியம்மா கத்தினார்: "நடுக்கடல்ல எவன் நைனா கெணறு வெட்டுவான்?"

அதிகாரி கிணற்றைப் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்து எழுதினார்.

இடம் ஒதுக்கி ஆணை வர ஒன்பது மாதம் ஆயிற்று. அதற்குள் குடிசைகள் இன்னும் இரண்டு முறை பின்வாங்கின, கிணறு விழுந்துவிட்டது. ஆய்வேட்டை நான் முதலிலிருந்து எழுதினேன்.

போகிறவர்களுக்கு: பாரிமுனையிலிருந்து இன்றும் பேருந்து உண்டு. காலை எட்டுக்குள் போய்விடுங்கள், நிழல் கிடையாது. குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள். படம் எடுக்குமுன், எடுப்பது என்ன என்று பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள்.

ஏழு குடும்பங்களும் குடியேறிய மறுவாரம் சாலைக்கு மேற்கே போயிருந்தேன். புது வாசலுக்கு எதிரே, சாலையோரமாக, என் தேக்குக் குச்சி நின்றது. இங்கே எதற்கு என்றேன்.

"கடல் வந்தா தெரியவேணாமா?" என்றார் சவரியம்மா. "இந்தவாட்டி நான் தொடமாட்டேன். அளந்துக்கோ."

அளந்தேன். அலைக்கோட்டுக்கு நானூற்றுப் பத்து அடி.