லோயர் ஐயாவின் ஆணி

இறம்பொடைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசையில், எங்கள் லயத்து வீட்டுச் சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. அம்மா மழையில் கொழுந்தெடுக்கப் போன காலத்தில் போர்த்திக்கொண்ட கொங்காணி அதில்தான் தொங்கியது. அதைக் கழற்றிவிட்டு அம்மா இடம் கொடுத்தது ஒரே ஒரு துணிக்கு: லோயர் ஐயாவின் கறுப்புக் கோட்டு.

ஐயா ஹட்டனில் சட்டத்தரணி. இரண்டு தடவை மாகாண சபை உறுப்பினராக இருந்தவர். மூன்றாம் தடவை நின்றபோது மேடைப்பேச்சு எழுதித்தர என்னைச் சேர்த்துக்கொண்டார். பத்திரிகையில் நகைச்சுவை எழுதுகிறவன் கூட்டத்தைச் சிரிக்க வைப்பான் என்று யாரோ அவரை நம்பவைத்திருந்தார்கள். நான் எழுதியதைப் பக்குவமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மேடையேறித் தம் பாட்டுக்குப் பேசுவார். லயத்துக்கு ஒழுகாத கூரை, வீட்டுக்கு ஒரு முகவரி, இவ்வளவுதான் பேச்சு. சிரிப்பே வராது, கைதட்டல் வரும். என் எழுத்துக்கு அவர் செய்த உபகாரம் அது என்பது விளங்க எனக்குச் சில வருடங்கள் பிடித்தன.

அந்தத் தேர்தல் சூட்டில்தான் தோட்ட நிர்வாகம் அம்மாமேல் வழக்குப் போட்டது. அம்மா ஓய்வு பெற்றாயிற்று, மகன் தோட்டத்தில் வேலை செய்வதில்லை, ஆகவே வீட்டைக் காலி செய்ய வேண்டும். மகன் எங்குமே வேலை செய்வதில்லை என்று எழுதியிருந்தாலும் என்னால் மறுத்திருக்க முடியாது. நான் வாய் திறக்குமுன்பே ஐயா வழக்கை எடுத்துக்கொண்டார்.

வழக்கைவிடப் பெரிய சிக்கல் அம்மா. விடியற்காலைப் பெரட்டில் வேலைக்கு வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்ட காலத்திலிருந்தே, காற்சட்டை போட்டவர் எதைக் கேட்டாலும் ஒரே பதிலைச் சொல்லிப் பழகியவர். ஐயா கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு, எதிர்த்தரப்புச் சட்டத்தரணிபோல முகத்தை விறைப்பாக்கி ஒத்திகை பார்த்தார்.

"இது தோட்டத்து வீடுதானே?"

"ஆமாங்க தொரை."

"அப்ப காலி பண்ணிருவீங்கல்ல?"

"ஆமாங்க தொரை."

"அம்மா, அதுக்கு இல்லைங்கன்னு சொல்லணும்."

"ஆமாங்க."

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். ஐயா மிச்சத் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, "அவங்கள மாத்த வேணாம் தம்பி. நம்ம கேள்விய மாத்திக்குவோம்" என்றார்.

வழக்கும் ஹட்டனில் அவருடைய கடைசிப் பிரசாரக் கூட்டமும் ஒரே நாளில் வந்து விழுந்தன. ஒரு லயத்து வீட்டுக்காக மாகாண சபையை விடுவதா, வழக்கைத் தள்ளிவைக்கத் தவணை கேளுங்கள் என்று கட்சிக்காரர்கள் மன்றாடினார்கள். ஐயா கோட்டைப் போட்டுக்கொண்டு நுவரெலியா நீதிமன்றத்துக்குப் போனார்.

எதிர்த்தரப்பு கேட்டதற்கெல்லாம் அம்மா வஞ்சகமில்லாமல் ஆமாங்க சொன்னார். மொழிபெயர்ப்பாளர் ஒரே சிங்களச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்துப்போனார். பிறகு ஐயா எழுந்தார். இந்த லயத்தில்தான் பிறந்தீர்களா? ஓய்வு வரைக்கும் இங்கேதான் கொழுந்தெடுத்தீர்களா? உசிருள்ளவரை இருந்துகொள் என்று பழைய துரை சொன்னாரா? மலையை மேற்பார்வை பார்த்த கண்டாக்கையா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாரா? எல்லாவற்றுக்கும் ஆமாங்க. அந்தக் கண்டாக்கையாவைச் சாட்சி சொல்ல ஐயா கையோடு கூட்டி வந்திருந்தார். கடைசியாகக் குரலைத் தணித்து, "போறதுக்கு வேற எடம் இருக்காம்மா?" என்று கேட்டார்.

அம்மா என்னை ஒரு தடவை பார்த்தார். மதிப்பிட்டார் என்றே நினைக்கிறேன். பிறகு நீதவானைப் பார்த்துச் சொன்னார்: "இல்லைங்க."

வீடு எங்களுக்கே நின்றது. ஐயா தேர்தலில் தோற்றார். அந்தக் கூட்டத்துக்குப் போயிருந்தால் வென்றிருப்பீர்கள் என்று வருந்திச் சொன்னேன். "ஒங்க பேச்ச வாசிச்சிருந்தா கட்டுப்பணமும் போயிருக்கும் தம்பி" என்று சிரித்தார். அதன்பின் அவர் எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை. அதே கோட்டோடு வழக்குக்கு மட்டும் போய்வந்தார். இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் கோட்டை அந்த ஆணியில் மாட்டிவிட்டு எங்கள் வீட்டில் ஒரு தேத்தண்ணி. போன வருடம் காலமானார்.

இந்தக் கட்டுரையை அந்த வீட்டில் இருந்துதான் எழுதுகிறேன். போன வாரம் நல்ல மழை. சொட்டச் சொட்ட வந்து நின்று, நனைந்த கோட்டை மாட்ட இடம் தேடினேன்.

"இந்த ஆணி சும்மாதானேம்மா இருக்கு?"

அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை.

"இல்லைங்க."