அத்திவாரத் தண்ணீர்

ஆங்கிலம் படிப்பிக்கிற எனக்கு, சொல்லின் வேரைத் தோண்டிப் பார்க்கும் கெட்ட பழக்கம் உண்டு. வேலணைத் தீவில் நாங்கள் வீடு கட்டத் தொடங்கிய வாரம், அத்திவாரத்தைக் குறிக்கும் ‘பவுண்டேஷன்’ என்ற சொல்லை அகராதியில் தேடினேன். லத்தீனில் அதன் வேருக்கு அடி, அடித்தளம் என்று பொருள். கப்பல் மூழ்குவதைச் சொல்லும் ‘பவுண்டர்’ என்ற வினையும் அதே வேரில் முளைத்ததுதான். அகராதியை மூடி அலுமாரிக்குள் வைத்துவிட்டேன்.

கல் வைக்கும் நாள் காலையில், அத்திவாரத்துக்கு வெட்டிய கிடங்கில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஊறியிருந்தது. மேசன் குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். உடனே துப்பினார்.

“உப்பு, ரீச்சர். போன மாசம் உங்கட கிணத்திலை நல்ல தண்ணியெல்லோ குடிச்சனான். இதிலை கல்லு வைக்க ஏலாது. காணியிலை வேறை இடம் பாப்பம்.”

சாத்திரியார் குறித்துத் தந்த நேரம் முடியக் கால் மணித்தியாலமே இருந்தது. கனடாவிலிருந்து தம்பி கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குக் கோபம் ஏறியது.

“நாள் வைச்சாச்சு. தண்ணியை இறைச்சுப்போட்டு வையும்.”

அவர் இறைத்தார், வைத்தார். நாங்கள் தேங்காய் உடைத்தோம்.

இப்போது சுவர்களின் அடியில் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. குடிபுகுந்த புதிதில் கணுக்கால் உயரத்தில் நின்றது, இன்று காலை என் முழங்காலுக்கு வந்திருந்தது. அதைக் கூட்டித் தள்ளிவிட்டு, கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டேன். ஒரு வாய் குடித்தேன். நானும் துப்பினேன்.