என் ஒரே வாசகியும் இரண்டாம் மாடிக் குரலும்

எங்கள் முகப்பேர் குடியிருப்புக்கென்று போனில் ஒரு குழு இருக்கிறது. தண்ணி லாரி வந்துவிட்டது, மோட்டாரை யாரோ நிறுத்தாமல் போய்விட்டார்கள், கேட்டுக்கு முன்னால் நிற்பது யார் வண்டி, இவைதான் அதில் ஓடும். அந்தச் சந்தைக்கடைக்குள் ஞாயிறுதோறும் காலையில் நான் ஏழு கட்டுரைகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். வாழ்க்கையைப் பற்றி இரண்டு, வேலையைப் பற்றி இரண்டு, தொழில்நுட்பத்தைப் பற்றி இரண்டு, எதிலும் சேராமல் எனக்குப் பிடித்துப்போனது ஒன்று. நாளுக்கு ஒன்று படித்தால் வாரம் ஓடிவிடும். அம்பத்தூர் எஸ்டேட்டில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. பகலெல்லாம் நல்லதையும் சொத்தையையும் பிரித்துப் பழகின கை வீட்டிலும் சும்மா இருக்கவில்லை. ஆங்கிலக் கட்டுரையாக இருந்தால் கீழே தமிழில் நாலு வரி எழுதுவேன். படிக்க எத்தனை நிமிடம் ஆகும் என்றும் போடுவேன்.

கட்டைவிரல்கள் வந்து விழும். கால் மணி நேரக் கட்டுரைக்கு அரை நிமிடத்தில் விழும். எவரும் திறந்தே பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியாதா என்ன! உண்மையில் படித்தது ஒரே ஆள், என் மனைவி. செவ்வாய், புதன் வாக்கில் கீரை ஆய்ந்துகொண்டே ஆரம்பிப்பாள்.

"இன்னாங்க அந்த ஆளு, வேலைய நேசி, நேசின்றான்? உங்க மிஷினாண்ட ஒரு நாள் நிக்க வெச்சா தெரியும் அவனுக்கு."

நான் விடமாட்டேன். அவளும் விடமாட்டாள். கீரை குழம்பில் விழும்வரை சண்டை போகும். அந்தச் சண்டைக்காகத்தான் வாரம் முழுக்கத் தேடித் தேடிச் சேர்த்தேன். அதை அவளிடம் சொன்னதில்லை.

அப்போதுதான் இரண்டாம் மாடிக்கு அந்தப் பெண் குடிவந்தாள். வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். "சார், நானும் வாரத்துக்கு ஒண்ணு அனுப்பலாமா?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுத்தான் தொடங்கினாள். தாராளமாக அனுப்பும்மா என்றேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டேன். அவள் கட்டுரையை அப்படியே அனுப்புவதில்லை. கல்லூரி பஸ்ஸில் உட்கார்ந்து, தன் குரலில் வாசித்து அனுப்புவாள். நடுவில் நிறுத்தி, "இத படிச்சதும் எங்கம்மா ஞாபகம் வந்துடுச்சு" என்று தன் கதைக்குப் போவாள். நெடுஞ்சாலை ஹாரன் எல்லாம் கூடவே கேட்கும்.

கீரை ஆய்கிற நேரத்தில் என் மனைவியின் காதில் இயர்போன் ஏறியது. தனியாகச் சிரித்துக்கொண்டாள். செவ்வாய் போய் வெள்ளி வந்தும் என் ஏழில் ஒன்றைப் பற்றியும் பேச்சில்லை. பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டேன்.

"நான் அனுப்புனத படிக்கலயா?"

"உங்களுதுல போனைக் குறை, தூக்கத்தைக் கூட்டுன்னே கீது. டாக்டராண்ட போய்ட்டு வந்தாப்ல கீதுங்க. அந்தப் பொண்ணு படிச்சா, பக்கத்துல குந்திகினு பேசுறாப்ல கீது."

டாக்டராண்ட! மறுநாள் பஸ்ஸில் நானும் அந்தப் பெண்ணின் குரலைக் கேட்டேன். குறை கண்டுபிடிப்பது என் தொழில், கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்றுதான் கேட்டேன். துவைக்கிற மிஷின் வந்த பிறகு, காலையில் கைக்கு என்ன வேலை கொடுப்பது என்று தெரியாமல் நின்ற ஒருத்தியைப் பற்றிய கட்டுரை. கேட்டு முடித்து நிமிர்ந்தால் நான் இறங்கவேண்டிய எஸ்டேட் போய், பஸ் கடைசி நிறுத்தமான ஓ.டி.க்கே வந்திருந்தது. எதிர்ப் பக்கம் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் உறைத்தது. அதே கட்டுரையைப் பொங்கலுக்கு முன்னால் நான் அனுப்பியிருந்தேன். படிக்க ஒன்பது நிமிடம் என்றுகூடப் போட்டிருந்தேன். அன்றைக்கு அதைப் பற்றி என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த ஞாயிறு நானும் வாசிப்பது என்று முடிவு கட்டினேன். படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மனத்தை ஒருமுகப்படுத்துவதைப் பற்றிய கட்டுரை ஒன்றை ரேடியோச் செய்தி மாதிரி கணீரென்று படித்தேன். திருப்திதான். திரும்பக் கேட்காமலேயே குழுவில் போட்டேன். சொந்தக் காசில் சூனியம்.

முதல் பதில், ஆவடித் தொழிற்சாலையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற கீழ்வீட்டுக்காரரிடமிருந்து வந்தது. என் கட்டுரைகளுக்கு எப்போதும் முதல் கட்டைவிரல் அவருடையதுதான். "சார், நீங்க படிச்சது இருக்கட்டும். பின்னாடி ஒண்ணு ஓடுதே, அம்மா விழுந்து விழுந்து சிரிக்கிறாங்களே, அத முழுசா அனுப்புங்க." அதற்குக் கட்டைவிரல்கள் மழையாகக் கொட்டின.

போட்டுக் கேட்டேன். வீட்டு வசதி வாரியம் கட்டின சுவர், சமையலறைச் சத்தத்தைத் தடுக்கவில்லை. அன்றைக்கென்று இயர்போன் இல்லாமல் போனை அடுப்பு மேடையில் வைத்துக் கேட்டிருக்கிறாள். முன்னால் நான் கவனம், கவனம் என்று முழங்குகிறேன். பின்னால் இரண்டாம் மாடிக் குரல். அதற்கு என் மனைவி அடக்கமாட்டாமல் சிரிக்கிறாள்.

எல்லாருக்கும் அழிந்துபோகிற மாதிரி அதை அழித்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"இன்னாத்துக்கு அழிச்சீங்க? நல்லாத்தானே கீது."

"நீ கேட்டியா?"

"இனிமேதான் கேக்கணும்னு இருந்தேன்."

அதன்பிறகு நான் ஏதும் அனுப்புவதில்லை. ஏன் என்று குழுவில் ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் அழிப்பதற்கு முன் அந்தப் பதிவை என் போனில் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால், முன்பகுதியை ஓட்டித் தள்ளிவிட்டு அவள் சிரிக்கிற இடத்தை மட்டும் கேட்கிறேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் சிரிப்பு என்னிடம் பதிவாகி இருப்பது அது ஒன்றுதான். அதுவும் இன்னொருத்தி சிரிக்கவைத்தது.