கவிச்சி இல்லாத பொடி

காளானை நான் நம்புவதில்லை. மழை பெய்த மறுநாள் குப்பைமேட்டில் யாரும் விதைக்காமல் முளைக்கிற ஒன்றை, மார்க்கெட்டில் டப்பாவில் அடைத்து விற்கிறார்கள் என்பதற்காக எப்படி நம்புவது? ஆனாலும் அந்த வருடம் தவக்காலத்தில் ஒரு பை நிறைய சிப்பிக் காளான் வாங்கினேன். என் வீட்டுக்காரர் செய்துகொண்ட நேர்ச்சைதான் காரணம்.

எங்கள் மகளுக்கு அதற்கு முன் இரண்டு தரம் கரு தங்காமல் போயிருந்தது. இந்தத் தரம் ஐந்து மாதம் தாண்டியிருந்தது. டாக்டர் படுத்தே இருக்கச் சொன்னதால் லாஸ்பேட்டையில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கே கூட்டி வந்துவிட்டோம். திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து திரும்பியவர், ஈஸ்டர் வரைக்கும் கறி, மீன், முட்டை, கருவாடு எதையும் தொடுவதில்லை என்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டதாகச் சொன்னார். மற்ற வீடுகளில் கறியை விட்டுவிட்டு மீனை ஒரு பிடி பிடிப்பார்கள். இவர் அதையும் விட்டார்.

"ஒரு சொட்டு உள்ள போனாலும் நேர்ச்ச போச்சி. அப்புறம் புள்ளைக்கு எதனா ஒண்ணுன்னா நான் தாங்க மாட்டேன்" என்றார்.

கவிச்சி இல்லாமல் ஒரு வேளை சோறு இறங்காத மனிதர். எங்களில் ஜாதகம் பார்ப்பதில்லை. பார்த்திருந்தால் எங்கள் இருவருக்கும் சந்தேகப் பொருத்தம் ஒன்றுதான் அமோகமாக அமைந்திருக்கும். இவர் எங்கே போய் நேர்ச்சையை முறித்துக்கொள்வாரோ என்ற சந்தேகத்தில்தான் நான் காளான் பொடி அரைக்கக் கிளம்பினேன். ருசிக்கு ருசி, கவிச்சியும் இல்லை என்று மகள் போனில் ஒரு வீடியோ காட்டினாள்.

வீடியோவில் காளான் கண் மூடித் திறப்பதற்குள் காய்ந்துவிட்டது. அவர்களுக்கென்ன, கடற்காற்று இல்லாத ஊராக இருக்கும். நான் நார்நாராகக் கிழித்து மொட்டை மாடியில் வேட்டி விரித்துப் போட்டேன். பகலெல்லாம் வெயிலில் சுருங்கியது, சாயங்காலக் காற்று பட்டதும் திரும்பவும் தொய்ந்துபோனது. பொழுது சாயும் முன்பே வாரி டப்பாவில் அடைத்து, மறுநாள் மறுபடி விரிக்க வேண்டியிருந்தது. வளைத்தால் வளையக் கூடாது, அப்பளம் மாதிரி உடைய வேண்டும். அப்படி உடைந்த பிறகும் நம்பாமல், வெறும் வாணலியில் ஒரு புரட்டுப் புரட்டினேன். மிளகு, சீரகம், காய்ந்த கறிவேப்பிலை, கல்லுப்பு சேர்த்து மிக்சியின் சின்ன ஜாரில் அரைத்தேன். அரைத்த உடனே மூடியைத் திறந்தால் பாதி பொடி மூக்குக்குள் போய்விடும், கொஞ்ச நேரம் அடங்க விட வேண்டும். திறந்தபோது வந்த வாசனையில் எனக்கே வாய் ஊறியது. பெருமையாகத்தான் இருந்தது.

அன்றைக்குக் கத்தரிக்காய்க் குழம்பில் ஒரு கரண்டி போட்டேன். அவர் முதல் வாய் வைத்தார். மெல்வதை நிறுத்தினார்.

"இதுல என்னா போட்ட?"

"காளான் பொடிங்க."

"எனக்கு நாக்கு செத்துப்போச்சின்னு நெனச்சியா? இது எலும்பு போட்ட கொழம்பு."

பொடி பாட்டிலை எடுத்து வந்து காட்டினேன். முகர்ந்து பார்த்தவருக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. கருவாட்டைத்தான் வறுத்து இடித்திருக்கிறேன் என்றார். மகள் கட்டிலில் இருந்தபடியே, அம்மா காளானை நார்நாராகக் கிழித்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னாள். "ஒனக்குத் தெரியாதும்மா. நான் மெலிஞ்சிடுவேன்னு இவ எதையாவது கலப்பா" என்று எழுந்து கை கழுவினார். எனக்கு அழுகை வந்தது. அவர் பார்க்கக் கூடாதென்று கொல்லைப்பக்கம் போய்ப் பாத்திரம் துலக்கினேன்.

அன்றிலிருந்து வீட்டில் அவருக்கு மோர்ச் சோறும் ஊறுகாயும்தான். அதையும் என் கண் முன்னாலேயே பிசைந்து, எதையோ தேடுகிறவர் போல் கிளறிக் கிளறிச் சாப்பிட்டார். மதியத்துக்கு டிபன் பாக்ஸ் வேண்டாம், ஆபீசில் எதுவும் சாப்பிடாமல் ஒருசந்தி இருக்கிறேன் என்றார். நானும் பாவம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஆள் மெலியவில்லை. பேன்ட் இடுப்பில் நழுவவில்லை. ஒரு நாள் துவைக்கப் போட்ட சட்டையின் கை மடிப்பில் மஞ்சளாக ஒரு கறை. முகர்ந்தேன். குருமா. ஒருசந்தி இருக்கிறவர் சட்டையில் குருமாவுக்கு என்ன வேலை?

மறுநாள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அவர் ஆபீஸ் பக்கம் போனேன். பின் தெருவில் ஒரு மெஸ். வாசலில் அவருடைய செருப்பு இருந்தது. அந்த அறுந்து தைத்த வார் எனக்குத் தெரியாதா? அவர் சாப்பிட்டுக் கிளம்பும்வரை ஒரு ஆட்டோவுக்குப் பின்னால் நின்றுவிட்டு உள்ளே போனேன்.

மெஸ் நடத்துகிற பெண்மணி அடுப்படியிலேயே இருந்தார். "சாரா? தெனம் வெஜ் சாப்பாடுதாங்க. நேர்ச்சன்னு சொன்னாரு. காய் குருமான்னா ரெண்டு தரம் கேட்டு வாங்குவாரு" என்றார். எனக்கு மனம் குளிர்ந்தது. பசி தாங்காமல் பொய் சொல்லியிருக்கிறார், போகட்டும், நேர்ச்சையை முறிக்கவில்லை. கிளம்பத் திரும்பியவள் அடுப்பு மேடையைப் பார்த்தேன். கிழித்துப் போட்ட சின்னச் சின்னக் காகிதங்கள். எல்லாவற்றிலும் கோழிப் படம்.

"அது சிக்கன் கியூபுங்க. குருமா வாசனையா இருக்க ஒண்ணு உதுத்துப் போடுவோம். அதுல கறித்துண்டு எதுவும் இல்லீங்களே" என்றார் அவர்.

வீட்டுக் காளானில் கருவாட்டைக் கண்டுபிடித்தவர், கோழியைக் காய் என்று இரண்டு தரம் கேட்டு வாங்கியிருக்கிறார். சொன்னால் மனிதர் இடிந்து உட்கார்ந்துவிடுவார். அதைவிட, மகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் காலத்துக்கும் அந்தக் குருமாவைச் சொல்லிச் சொல்லியே தன்னை வதைத்துக்கொள்வார். சொல்வதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன். வீட்டுக்குப் போய்ப் பொடி பாட்டிலோடு திரும்பி வந்து, விஷயத்தைச் சொல்லி அந்தப் பெண்மணியிடம் கொடுத்தேன். பதறிப்போனார். "எனக்குத் தெரியாதுங்களே. நாளையிலேர்ந்து இதையே போடறேன்" என்றார். நான் அதையும் நம்பவில்லை. மறுநாள் அந்தப் பெண்மணி குருமா தாளிக்கும்போது பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

வரும் வழியில் கோயிலில் இறங்கி மாதாவிடம் பேசினேன். இவருக்குத் தெரியாமல் முறிந்தது இவருக்குத் தெரியாமலே ஒட்டட்டும், பிள்ளை பிறக்கிறவரை இவருக்குப் பதில் நான் கவிச்சி தொடமாட்டேன் என்றேன்.

அன்று மாலை அவர் வந்ததும் வராததுமாக, "நாளையிலேர்ந்து டிபன் கட்டு" என்றார்.

"ஒருசந்தின்னீங்களே?"

சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார். "மெஸ்ல காய் குருமா சாப்புட்டுக்கிட்டு இருந்தேன். இன்னிக்கி என்னமோ கருவாட்டு வாசன அடிக்குது. கவிச்சி கலக்கறானுங்க."

எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. ஈஸ்டர் வரைக்கும் பருப்பும் ரசமும் கட்டிக் கொடுத்தேன்.

ஈஸ்டரன்று ஆட்டுக்கறிக் குழம்பு வைத்தேன். அவருக்கும் மகளுக்கும் பரிமாறிவிட்டு, நான் ரசச் சோற்றைப் பிசைந்தேன். எலும்பை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

"நீ ஏன் கறி போட்டுக்கல?"

"வயிறு சரியில்ல."

"கறிய கண்டா ஒனக்கு வயிறு சரியில்லாம போவுமா? இதுல என்னா போட்ட? ஒரு வாய் தின்னு, பாக்கலாம்."

தின்னவும் முடியாது, ஏன் தின்னவில்லை என்று சொல்லவும் முடியாது. மகள்தான் எட்டி அவர் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். "கறிதாம்பா. பேசாம சாப்புடு." அதற்குப் பிறகே சாப்பிட்டார், அப்போதும் என்னைப் பார்த்துக்கொண்டே.

ஆனி மாதம் பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டார். "தவக்காலம் பூரா கவிச்சிய கண்ணால பாக்கல. மாதா கைவிடுவாளா?" குரல் தழுதழுத்தது. நான் பக்கத்தில் நின்று ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். சந்தோஷத்தில் எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

போனை வைத்ததும், வீட்டுக்குப் போகிற வழியில் அரை கிலோ கறி வாங்குங்க என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இத்தினி நாளா தொடல. இப்ப மட்டும் என்னா?"

"வயிறு சரியாயிடுச்சி" என்றேன்.