குசினிக்குள் வந்த மான்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது என் தம்பி குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசையிலிருந்த கொதிதண்ணிக் கேத்தலை இழுத்துத் தன் காலில் ஊற்றிக்கொண்டான். பதினாறு நாள் ஆசுபத்திரியில் கிடந்தான். நான்காம் நாளே, கட்டுப்போட்ட காலோடு பக்கத்துக் கட்டில் பிள்ளையின் பிஸ்கற்றைப் பறிக்கும் அளவுக்குத் தேறிவிட்டான். தேறாதவர் அம்மாதான். சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருப்பார். மருந்து கட்டும் வண்டியின் சத்தம் கேட்டால், தம்பி அழத் தொடங்குமுன்பே அவர் காதைப் பொத்திக்கொள்வார். "இவவுக்கும் ஒரு கட்டில் போடவேணும் போல" என்று தாதி பகிடி விட்டார்.

இது போதாதென்று பார்வையாளர் நேரம் வேறு. எங்கள் சனம் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வராது. ஒரு சீப்பு வாழைப்பழமும் இரண்டு கேள்விகளும் கொண்டு வரும். எப்படி நடந்தது? நீ அப்ப எங்க நிண்டனீ? அம்மா ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்வார். "உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிண்டனான்" என்று முடித்துவிட்டுத் தம்பியின் போர்வையை இழுத்துச் சரிசெய்வார். கேட்டவர்கள் "ம்ம்" என்பார்கள். அந்த "ம்ம்"மைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

ஐந்தாம் நாள், பாலையூற்றிலிருந்து அப்பாவின் அக்கா வந்தார். கதிரையில் உட்காருமுன்பே கேள்வி வந்தது. நான் முந்திக்கொண்டேன்.

"மான் வந்தது மாமி, குசினிக்குள்ள. அம்மா அதைக் கலைக்க ஓடினவ. அதுக்குள்ள தம்பி கேத்தலை இழுத்துப்போட்டான்."

வேறு ஊரென்றால் எனக்கு அடி விழுந்திருக்கும். திருகோணமலையில் மான் நடுவீதியில் நின்று பஸ்ஸை மறிக்கும், மரக்கறிக் கடையில் புகுந்து கோவா இலை தின்னும். மாமிக்குத் துளியும் சந்தேகமில்லை.

"நாசமாப் போன மான்! போன கிழமை என்ர செவ்வரத்தைப் பூச்செடியையும் திண்டது!"

மானைத் திட்டிய மும்முரத்தில் "ம்ம்" சொல்ல அவர் மறந்தே போனார். அம்மா என்னை முறைத்தார். ஆனால் திருத்தவில்லை.

மறுநாள் நிலாவெளிப் பெரியம்மா கேட்டபோது அம்மாவே, "மான்தான் அக்கா" என்றார்.

"கொம்பு இருந்ததோடி?"

"ஓம், பெரிய கொம்பு."

பெரியம்மா போனதும் அம்மா தம்பியின் போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அன்று சோற்றுப் பார்சல் முழுவதையும் சாப்பிட்டார்.

பத்தாம் நாளளவில் மான் இரண்டாகிவிட்டது. வந்தவர்களே எங்களுக்குக் கதை சொன்னார்கள். அம்மாவைக் காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

உடுப்புக் காயப்போடப் போகுமுன் அம்மா, "தம்பியைப் பாத்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போனது என்னிடம்தான். நான் போனில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை பேர் அத்தனை தடவை கேட்டும் அதை மட்டும் அம்மா ஒருவரிடமும் சொல்லவில்லை. பதற்றத்தில் மறந்துவிட்டார் என்றுதான் அன்று நான் நினைத்தேன்.