பின்சீட்டுக்காரர்

அந்தோனிமுத்து ஏறியது பின் சீட்டில். கடைக்காரர் நீட்டிய சாவியை வாங்கி என் கையில் வைத்துவிட்டு, "நீங்க ஓட்டுங்க தம்பி. ரோட்டுல இருக்கிற ஒரு பள்ளத்தையும் விட்றாதீங்க" என்றார். பிறகு கண்களை இறுக மூடிக்கொண்டார். மாத்தளையில் பழைய பைக் விற்கிற இடங்களில் இப்போது அவரைத் தெரியாதவர்கள் இல்லை. மலைப்பாதைக்கென்று செய்த அந்த உயரமான பைக்குகளை வாங்க வருகிறவர்கள் முதலில் ஹாண்டிலைப் பிடித்து, கண்ணாடியில் முகத்தைப் பார்ப்பார்கள். ஹாண்டிலைத் தொடாமல் பின்னால் போய் உட்காருகிறவர் இவர் ஒருவர்தான்.

கண்ணை ஏன் மூட வேண்டும் என்று கேட்டேன். "தொறந்திருந்தா பள்ளம் வர்றது தெரிஞ்சி ஒடம்பு சுதாரிச்சுக்கும். பின்னுக்கு இருக்கிறவங்களுக்கு முன்னுக்கு என்னா வருதுன்னு தெரியாதுதானே" என்றார். இருபது வருடமாகப் பைக் ஓட்டுகிற எனக்கு இது ஒருநாளும் தோன்றியதில்லை. என் மனைவி ஏன் என் வண்டியில் ஏறும்போதெல்லாம் வேண்டாத தெய்வம் இல்லை என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

அந்தோனிமுத்து எல்கடுவ தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். வயது நாற்பத்தொன்பது. கட்டார் நாட்டில் பதினொரு வருடம் மின்சார வேலை பார்த்துவிட்டு வந்து, இப்போது லக்கல பக்கத்துக் கிராமங்களில் யானை வராமல் தடுக்கும் மின்வேலி பழுதுபார்க்கிறார். பட்டறையில் வெல்டிங் வேலையும் தெரியும். எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டார். மின்சாரத்தைக்கூட அப்படித்தானா என்று கேட்டால் சிரிப்பார்.

அவருடைய மனைவி மார்கிரட் டீச்சர் அதே லக்கலவில் சிங்களப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறார். இருவரும் குடியிருப்பது இரத்தோட்டையில், என் வீட்டுக்கு நாலாவது வீடு. வீட்டுக்கும் ஸ்கூலுக்கும் நடுவே ரிவர்ஸ்டன் மலை. அந்த வழியில் பஸ் கடவுள் மாதிரி; இருக்கிறது என்று நம்பத்தான் முடியும். இவரிடம் இருந்த சின்ன பைக் ஏற்றத்தில் இரண்டு பேரைச் சுமந்து முனகும், இறக்கத்தில் ஸ்ப்ரிங் செத்துப்போய் 'டொக்' என்று இடிக்கும். அந்த இடியெல்லாம் போய்ச் சேர்ந்த இடம் டீச்சரின் முதுகெலும்பு. டிஸ்க் விலகியிருக்கிறது, குலுக்கல் ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடமாற்றம் கிடைக்க இன்னும் மூன்று வருடம். கார் வாங்க வசதியில்லை.

டீச்சர் அழுது ஆர்ப்பாட்டம் செய்கிறவர் அல்ல. ஸ்கூலுக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்துவிட்டதாகவும், அடுத்த பள்ளித் தவணையிலிருந்து அங்கேயே தங்கி வெள்ளிக்கிழமைகளில் வருவதாகவும் ஒருநாள் சோறு போடும்போது சொன்னாராம். மறுநாள்தான் அந்தோனிமுத்து என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "பதினோரு வருசம் போன்லயே குடும்பம் நடத்தியாச்சு தம்பி. இனி ஏலாது" என்றார். தவணை முடிய ஐந்து வாரம் இருந்தது.

அன்று தொடங்கியது எங்கள் ஊர்வலம். இன்டர்நெட்டில் பேசுகிற பையன்கள் நானூறு சீசீ என்றார்கள், ஐந்நூறு என்றார்கள். இவர் அசையவில்லை. ஏற்றத்தில் பின்னால் ஆள் இருக்கும்போது வண்டியை நிறுத்தினால் தன் இரண்டு காலும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும், அதற்குமேல் கனமும் உயரமும் வேண்டாம் என்று இருநூற்றைம்பதில் நின்றார். சட்டைப்பையில் எந்நேரமும் ஒரு அளவு டேப். முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த டீச்சரின் முழங்காலிலிருந்து குதிகால் வரை அளந்து வைத்திருந்தார். ஒரு வண்டியில் பின் சீட் சரிந்து, ஆளை முன்னால் தள்ளியது. இன்னொன்றில் கால் வைக்கும் கட்டை மேலே ஏறி, முழங்கால் தாடையைத் தொட்டது. வேறொன்றில் பிடித்துக்கொள்ளும் கம்பி கைக்கு எட்டவில்லை. இப்படி ஏழு கழிந்தன. பெண் பார்க்கிற படலத்தில்கூட இவ்வளவு நொட்டை சொல்லமாட்டார்கள்.

எட்டாவது, றஹீமுடைய கடையில் நின்ற நீல வண்டி. பின் ஸ்ப்ரிங்கை இரண்டு பேர் எடைக்கு ஏற்றபடி இறுக்கலாம், தளர்த்தலாம். ஸ்டேஷன் பக்கத்துப் பள்ளங்களில் நான் மனச்சாட்சியில்லாமல் விட்டேன். திரும்பி வந்ததும் அந்தோனிமுத்து கண்ணைத் திறந்து, "இதுதான்" என்றார். ஏழு வண்டியிலும் அவர் சொல்லாத சொல்.

வெள்ளிக்கிழமை டீச்சர் பள்ளி விட்டு நேரே மாத்தளைக்கு வந்து சேர்ந்தார். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, தோளில் பிள்ளைகளின் பயிற்சிக் கொப்பிகள் நிறைந்த பை. றஹீம் வண்டியைத் துடைத்து நிறுத்தியிருந்தார். டீச்சர் ஒரு சுற்று சுற்றி வந்தார். இடது பக்கம் நின்று, குனிந்து பார்த்தார்.

"ரெண்டு காலயும் எங்கங்க வக்கிறது?"

நாங்கள் மூவரும் குனிந்தோம். அந்தப் பக்கம் இருந்தது ஒற்றைக் காலுக்கான சின்ன ரப்பர் கட்டை. சேலை கட்டியவர் ஒருக்களித்து உட்கார்ந்தால் ஒரு கால் அதில் நிற்கும், மற்றது தொங்கும், இடுப்பு திருகிக்கொள்ளும். எந்த முதுகுக்காக ஐந்து வாரம் அலைந்தோமோ அதே முதுகு. அந்தோனிமுத்து எட்டு வண்டியிலும் கால்சட்டை போட்டு, இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து பார்த்திருந்தார். அவரைச் சொல்லி என்ன, ஓட்டிய நானும் நினைக்கவில்லை. மனைவி சேலையில் போவதைத் தினமும் பார்க்கிற இரண்டு ஆம்பிளைகள்.

சுரிதாரில் வந்து ஸ்கூலில் மாற்றிக்கொள்ளலாமே என்று றஹீம் மெதுவாகச் சொன்னார். "சேலையோடதான் ஸ்கூல் கேட்டுக்குள்ள போகணும் தம்பி. ரோட்டுல நின்னா மாத்துறது?" என்றார் டீச்சர். கோபமில்லை. பிறகு கணவரைப் பார்த்து, "பரவால்லங்க, ரூம்காரம்மா நல்ல மாதிரி" என்றார்.

அந்தோனிமுத்து கடைப்பையனிடம் ஒரு கைலிச் சாரத்தைக் கேட்டு வாங்கினார். கால்சட்டைக்கு மேலே அதை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பின் சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்தார். டீச்சரின் கொப்பிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, "எடுங்க தம்பி" என்றார்.

ஸ்டேஷன் வரை போய் வந்தோம். பஸ்ஸுக்கு நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவன் விசிலும் அடித்தான். எனக்குக் காது சுட்டது. இறங்கியபோது அந்தோனிமுத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். "இவ்வளவு நாளும் இப்பிடியா வந்த?" என்று டீச்சரிடம் கேட்டார்.

றஹீம் வண்டியை நிமிர்த்திப் பிடிக்க, அந்தோனிமுத்து டீச்சரை மெல்ல ஏற்றி உட்கார வைத்தார். டேப்பை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, வண்டியின் இடது பக்கம் தார் ரோட்டில் முழங்கால் போட்டார். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து, பலகை மாதிரி விரித்து, தொங்கிய கால்களுக்குக் கீழே பிடித்தார்.

"வையி" என்றார். "எவ்வளவு ஒசரத்துல வேணும்னு சொல்லு, அந்த இடத்துல வெல்ட் பண்ணிர்றேன்."

டீச்சர் தெருவை ஒருமுறை பார்த்தார். பிறகு செருப்பை ஒவ்வொன்றாக உதறிவிட்டு, இரண்டு பாதங்களையும் அந்தக் கைகளில் வைத்தார்.

"இன்னும் கொஞ்சம் மேல" என்றார்.