போடிக்கு வந்த கடல்

கிருபாவதி முதன்முதலாகக் கடலைப் பார்த்தபோது அவளுக்கு முப்பத்துநாலு வயது. வடுகபட்டியில் பூண்டு மண்டி வைத்திருந்தவரின் மகள். போடி கடைத்தெருவில் கண்ணாடிக் கடையும் படச்சட்டம் போடும் வேலையுமாக இருந்த சுந்தர்ராஜுக்கு வாழ்க்கைப்பட்டவள். பிள்ளைகள் இருவரும் ராயப்பன்பட்டியில் விடுதியில் தங்கிப் படித்தார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை நிற்கிற ஊர்களிலேயே இருந்து பழகியவளுக்கு, குறுக்கே ஒன்றுமே இல்லாத ஓர் இடம் உலகத்தில் இருக்கும் என்பதை நம்பவே முடியவில்லை.

1978 கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் அது. தங்கை ஞானசெல்வி மண்டபம் என்கிற கடற்கரை ஊரில் நர்சாக வேலை பார்த்தாள். அவளைப் பார்க்கப் புருஷனும் பெண்சாதியும் போயிருந்தார்கள். காலையில் கடல் வற்றிக் கிடந்தது. ஞானசெல்வி இருவரையும் செருப்போடு தண்ணீருக்குள் நடத்திக் கூட்டிக்கொண்டு போனாள். முழங்கால் ஆழத்தில் பாறைகள். பாறை என்றா சொல்வது? ஊதா, மஞ்சள், பச்சை என்று யாரோ சாயப்பட்டறையைக் கவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு பள்ளத்தில் விரல் விரலாக அசைந்துகொண்டிருந்த பூ ஒன்று. அந்தப் பூவுக்குள்ளேயே படுத்துப் புரண்டு விளையாடியது, வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு நிற மீன். பூ அல்ல, அதுவும் ஒரு பிராணிதான், கடல் சாமந்தி என்பார்கள் என்று ஞானசெல்வி சொன்னாள். கிருபாவதி விரலை நீட்டினாள். சாமந்தி அவள் விரலை மெல்ல ஒட்டிப் பிடித்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பு நிற்கவில்லை. கட்டியிருந்த பட்டுச்சேலையோடு அப்படியே தண்ணீரில் உட்கார்ந்து சிரித்தாள். சுந்தர்ராஜ் பயந்துபோய் அவள் கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்து, தானும் வழுக்கி உட்கார்ந்தார்.

ஊர் திரும்புகிற ரயில் ஆண்டிபட்டியைத் தாண்டியது. அவள் கேட்டாள்.

“ஏங்க, நம்ம கடையில கண்ணாடி கிடக்குல்ல?”

“கிடக்கு. அதுக்கென்ன?”

“அப்பக் கடல மட்டும் கொண்டாந்தாப் போதும்.”

சுந்தர்ராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தூக்கக் கலக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்ததாகப் பிற்பாடு அவரே சொன்னார்.

மறுவாரமே அவள் ஆரம்பித்துவிட்டாள். மண்டபத்தில் ஒரு மீன் காட்சிச்சாலையில் தொட்டிகளைப் பராமரித்து வந்தவர் பலவேசம். ஞானசெல்விக்கு அடுத்த வீடு. தங்கை வீட்டுக்கு அடுத்த முறை போனபோது கிருபாவதி அவரைப் பிடித்து உட்கார வைத்துக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். கடலே இல்லாத ஊரில் இதைச் செய்கிற ஒரு பெண்ணை அவர் அதுவரை பார்த்ததில்லை. முதலில் வேண்டாம் என்றார். அவள் எழுந்திருக்கிற மாதிரி இல்லை என்று தெரிந்ததும் சொல்லிக் கொடுத்தார். இரும்பு ஆகாது, உப்பு தின்றுவிடும். முதலில் தண்ணீர், கிளிஞ்சல் மணல், கடலில் கிடந்த கல், இவ்வளவுதான். தண்ணீர் ஒருமுறை கெட்டுத் தானாகத் தெளிய வேண்டும். அதுவரை மீனைக் கனவில்கூட நினைக்கக் கூடாது.

இரும்பு ஆகாது என்றதை மட்டும் கிருபாவதி காதில் வாங்கவில்லை. அந்தக் காலத்து மீன்தொட்டியெல்லாம் இரும்புச் சட்டத்தில் மக்கு என்கிற ஒட்டுச் சாந்தை அப்பிக் கண்ணாடி பதித்ததுதான். சட்டத்துக்கு இரண்டு பூச்சு பெயிண்ட் அடித்தால் போதும் என்று நினைத்தாள். கண்ணாடி அறுப்பதில் சுந்தர்ராஜைவிட அவளுக்குக் கை நேர். அவளே அறுத்து, அவளே பதித்தாள். கடைக்குள் நான்கு ஆள் தூக்குகிற அளவுக்கு ஒரு தொட்டி எழும்பி நின்றது. ஒழுகுகிறதா என்று பார்க்கக் குழாய்த் தண்ணீரை நிரப்பினார்கள். நன்றாகத்தான் நின்றது. காப்பி குடித்து முடிப்பதற்குள் மக்கு விட்டுக்கொடுத்து, முன்பக்கக் கண்ணாடி கதவு திறந்த மாதிரி விழுந்தது. சட்டம் போடக் கொடுத்திருந்த முருகனும் வேளாங்கண்ணி மாதாவும் இரண்டு கல்யாண ஜோடிகளும் கடை வாசற்படி தாண்டித் தெருவில் மிதந்து போனார்கள். ஏலக்காய் மூட்டை தூக்கிக்கொண்டு போனவர்களெல்லாம் மூட்டையை இறக்கிவைத்துவிட்டுப் படங்களைப் பொறுக்கிக் கொடுத்தார்கள். சுந்தர்ராஜ் தலையில் கைவைத்து நின்றார். கிருபாவதி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்து அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குத்தான் அவரும் இந்தப் பைத்தியத்தில் சேர்ந்தார்.

அடுத்த தொட்டி இரும்பே இல்லாமல் எழும்பியது. சிங்கப்பூரில் இருந்து வந்த உறவுக்காரர் ஒருவர், கண்ணாடியையும் கண்ணாடியையும் ஒட்டுகிற ரப்பர் பசைக் குழாய்களைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். பசை காயும்வரை வீடெல்லாம் புளித்த காடி வாடை. தொட்டியை வீட்டு நடுக்கூடத்தில் செங்கல் மேடை கட்டி வைத்தார்கள். கடல் சாமந்திக்கு வெயில் வேண்டும் என்று பலவேசம் சொல்லியிருந்ததால், சுந்தர்ராஜ் கூரை ஏறி, தொட்டிக்கு நேர் மேலே நாட்டு ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு பதித்தார். காற்று ஊதும் மோட்டார் மதுரையிலிருந்து வந்தது.

இனிக் கடல்தான் பாக்கி.

தேவாரத்துக் கருத்தக்கண்ணன் சொந்தமாக லாரி வைத்திருந்தார். கம்பம் பக்கத்துத் திராட்சையையும் வாழைக்காயையும் ராமநாதபுரம் வரை கொண்டுபோய் இறக்கிவிட்டு, பெரும்பாலும் காலி வண்டியாகத் திரும்புவார். கிருபாவதி விஷயத்தைச் சொன்னதும் அவர் சுந்தர்ராஜைப் பார்த்தார். சுந்தர்ராஜ் ஆமாம் என்று தலையாட்டினார்.

“சரி மதினி, கருவாடு ஏத்திட்டு வந்திருக்கேன், உப்பு ஏத்திட்டு வந்திருக்கேன். கடல ஏத்துனதில்ல. அதையும் பாத்துருவோம்” என்றார் கருத்தக்கண்ணன்.

வெள்ளைப் பிளாஸ்டிக் கேன்களைச் சோப்புப் போடாமல் வெந்நீரால் கழுவிக் கழுவி, எண்ணெய் வாடை போகும்வரை வெயிலில் காயவைத்து எடுத்துக்கொண்டு மூவரும் போனார்கள். பலவேசம் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போய்க் கலங்கல் இல்லாத இடத்தில் தண்ணீர் மொண்டு கொடுத்தார். பாசியும் பூச்சியும் ஒட்டியிருந்த உதிரிக் கற்களை ஈரச் சாக்கில் சுற்றி மூங்கில் கூடைகளில் அடுக்கினார்கள்.

மதுரை தாண்டி ஒரு செக்போஸ்டில் லாரியை நிறுத்தினார்கள். மதுவிலக்கு இருந்த காலம். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்த போலீஸ்காரருக்கு வரிசையாக வெள்ளைக் கேன்களைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே என்ன என்றார். கடல்தண்ணி என்றார் கருத்தக்கண்ணன். போலீஸ்காரர் சிரித்துவிட்டு ஒரு கேனைத் திறந்து, மூடியில் ஊற்றி, அனுபவஸ்தர் மாதிரி ஒரே மடக்காக விட்டுக்கொண்டார். அவர் துப்பி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

“எதுக்குத்தா இத இம்புட்டுத் தூரம் கொண்டு போறீக?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கிருபாவதியிடம் கேட்டார்.

“வீட்ல வைக்கிறதுக்கு” என்றாள் அவள்.

அவர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மூடியைத் திருகிக் கேனைத் தானே ஒழுங்காக வைத்துவிட்டு, போகச் சொல்லிக் கையைக் காட்டினார். லாரி உசிலம்பட்டி வந்து சேரும்வரை மூவராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. கருத்தக்கண்ணன் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

தொட்டியில் மணல் பரப்பி, கற்களை அடுக்கி, தண்ணீர் ஊற்றி, மோட்டாரைப் போட்டதும் குமிழிகள் எழும்பின. கூடத்தில் கடல் வாடை அடித்தது. கிருபாவதி நாற்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். இரண்டு நாளில் தண்ணீர் அரிசி கழுவிய நீர் மாதிரி ஆகி நாறத் தொடங்கியது. பார்க்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். சுந்தர்ராஜ் சம்சாரம் கல் வளர்க்கிறாளாம் என்று கடைத்தெருவில் பேச்சாகிவிட்டது. கல்லுக்கு என்ன தீனி போடுகிறீர்கள் என்று சுந்தர்ராஜைக் கேட்டார்கள். அவர், அது விரதம் இருக்கிறது என்று பதில் சொல்லப் பழகிக்கொண்டார்.

வெயிலில் தண்ணீர் வற்றிக்கொண்டே வந்தது. வற்றினால் உப்பு கூடும். நல்ல தண்ணீர் ஊற்றிச் சரிசெய்ய வேண்டும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. கருத்தக்கண்ணனின் மனைவி ராக்கம்மாள் வீட்டில் மாடு இருந்தது, பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் லாக்டோமீட்டரும் இருந்தது. விளையாட்டாகத்தான் கிருபாவதி அதை வாங்கிவந்து கேனில் மிச்சமிருந்த கடல்நீரில் விட்டுப் பார்த்தாள். பாலில் நிற்பது போலவே பாந்தமாக நின்றது. நின்ற இடத்தில் நூல் கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து தொட்டியின் உப்பை அதுதான் சொன்னது. கடலுக்கும் பசும்பாலுக்கும் கனம் ஒன்றுபோல இருக்கிறது என்று அவள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி ஆச்சரியப்பட்டாள். ராக்கம்மாள் மட்டும், இனிமேல் கடலிலும் தண்ணி ஊத்தி வித்துருவாக என்றாள்.

ஒரு காலையில் தண்ணீர் தெளிந்திருந்தது. தெளிந்தது என்றால் தொட்டியில் தண்ணீரே இல்லையோ என்று கைவிட்டுப் பார்க்கிற அளவுக்கு. கண்ணாடி ஓட்டின் வழியாக வெயில் ஒரு பட்டையாக இறங்கியது. கிருபாவதி காப்பியோடு வந்து நின்றாள். ஒரு கல்லின் துளையிலிருந்து சிவப்பு விசிறி ஒன்று மெல்ல விரிந்தது. அவள் நிழல் பட்டதும் சட்டென்று உள்ளே போய்விட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுபடி விரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. கல்லுக்கு அடியில் குன்றிமணி அளவு நண்டு ஒன்று இரண்டு கையாலும் மாறி மாறிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. யாரும் வாங்கி விடாதவை. கல்லுக்குள்ளேயே ஒளிந்து மண்டபத்திலிருந்து டிக்கெட் இல்லாமல் வந்து சேர்ந்தவை. அவள் கடைக்கு ஓடினாள்.

“ஏங்க, கல்லு பூத்திருச்சு. வாங்க, கல்லு பூத்திருச்சு.”

கடைக் கண்ணாடி முன்னால் தொடங்கிய சவரம் பாதியில் நிற்க, ஒரு கன்னத்தில் நுரையோடு சுந்தர்ராஜ் தெருவில் ஓடிவந்ததைப் பார்த்தவர்கள், அவர் பின்னாலேயே வந்தார்கள். அன்று அந்தக் கூடத்தில் நிற்க இடமில்லை. கல்லுக்குத் தீனி கேட்டவர்கள் கல்லின் முன்னால் குந்தி உட்கார்ந்து, விசிறி எப்போது விரியும் என்று காத்திருந்தார்கள்.

மீனும் சாமந்தியும் வந்தது அதற்குப் பிறகுதான். பலவேசமே பாலித்தீன் பைகளில் காற்றடைத்துக் கட்டிக் கொடுத்தார். ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். சாமந்தியைத் தொட்டியில் விட்டதும் அது அவள் வைத்த கல்லில் ஒட்டாமல் நகர்ந்து நகர்ந்து, வெயில் நேராக விழுகிற இடத்தில் போய்க் கால் ஊன்றியது. ஒரு பெரிய மீன், ஒரு சின்ன மீன். இரண்டும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நேரே போய் அதற்குள் விழுந்து புரண்டன.

அந்தக் கோடையில் கரண்டு அடிக்கடி போனது. மோட்டார் நின்றால் தொட்டிக்குக் காற்று இல்லை. கருத்தக்கண்ணன் பழைய லாரி டியூப் ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். அதில் பம்பால் காற்றடித்து, வாயில் மெல்லிய குழாயைச் சொருகித் தொட்டிக்குள் விட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் குமிழி விடும். கரண்டு போனால் கடைத்தெருவே இருட்டாகும். உடனே யாராவது ஒருவர் பம்படிக்க வந்துவிடுவார். குச்சனூர்க் கோயிலுக்குக் கும்பிடப் போகிற வழியில் எட்டிப் பார்த்த ஒரு குடும்பம்கூட முறை வைத்து அடித்துக் கொடுத்துவிட்டுப் போனது. ராக்கம்மாள் பம்பைப் பிடித்தால் யாருக்கும் தரமாட்டாள்.

மறு வருஷம் ஆடி மாதத்தில், சாமந்திக்கு அருகே இருந்த கல்லை இரண்டு மீனும் வாயால் சுத்தம் செய்துகொண்டே இருந்தன. பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் பெரிய மீன் பாய்ந்து வந்து முட்டியது. பிறகு பார்த்தால் கல்லின் மேல் ஆரஞ்சு நிறத்தில் கம்பளம் விரித்த மாதிரி முட்டை. சின்ன மீன் இமை கொட்டாமல் காவல் நின்று விசிறிக்கொண்டிருந்தது. ஞானசெல்வி மூலம் சேதி போய், பலவேசம் லீவு போட்டுவிட்டு ரயிலேறி வந்தார். வந்தவர் கைகால்கூடக் கழுவாமல் தொட்டியின் முன்னால் போய்க் குனிந்தார்.

“எங்க தொட்டியில இது வரைக்கும் முட்ட வச்சதில்லக்கா” என்றார்.

கிருபாவதிக்குக் காது ஜிவ்வென்றது. சுந்தர்ராஜ் பாய்க் கடைக்குப் போய்ப் பிரியாணி வாங்கிவந்தார்.

குஞ்சுகள் பொரித்தன. ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, டார்ச் வெளிச்சத்தில் வெள்ளி ஊசிமுனைகள் தண்ணீரெல்லாம் துள்ளின. அவை ஒன்றும் பிழைக்கவில்லை. அந்த வாயளவுக்குத் தீனி எது என்று பலவேசத்துக்கும் தெரியவில்லை. கிருபாவதி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பெரிய மீன் மறுபடி அதே கல்லைத் துடைக்க ஆரம்பித்ததைப் பார்த்து எழுந்து தலை வாரிக்கொண்டாள்.

அதன்பின் எத்தனையோ முறை அவை முட்டையிட்டன. கிருபாவதி மோரில் இருந்து முட்டை மஞ்சள்கரு வரை எதையெதையோ கரைத்து ஊற்றிப் பார்த்தாள். ஒரு குஞ்சையும் வளர்க்க அவளால் முடியவில்லை. ஆனால் அந்த ஜோடி அவள் வீட்டில் ஏழெட்டு வருஷம் இருந்தது. ராயப்பன்பட்டியிலிருந்து பிள்ளைகளின் ஹாஸ்டல் மொத்தமும் ஒருமுறை வேனில் வந்து பார்த்துப் போனது. தேவாரத்தில் ராக்கம்மாளும் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து அறையில் ஒரு தொட்டி வைத்தாள். அவள் தொட்டியில் விட்ட கல்லிலிருந்து ஒரு சின்ன ஆக்டோபஸ் கிளம்பி, நண்டுகளை எல்லாம் தின்றுவிட்டது. இந்தச் சேதியைச் சொல்ல அவள் பஸ் பிடித்துப் போடிக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்று, எட்டுக் கையையும் தன் இரண்டு கையால் ஆட்டிக் காட்டினாள். கிருபாவதி சிரித்த சிரிப்பு கடைவரை கேட்டது. பாதி சட்டம் போட்ட படத்தை அப்படியே வைத்துவிட்டு, என்ன என்று பார்க்க சுந்தர்ராஜ் எழுந்து வந்தார்.